லேபர் ரூமுக்குள் உங்களோடு யார் வருவது?

வாசகியின் கடிதம்:

எனக்கு 27 வயது. சொந்த இடம் கிளிநொச்சி. கலியாணம் முடித்து இரண்டு வருடத்துக்கு முன் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் கணவரோடும் மாமியோடும் இருக்கிறேன். இப்போது 29 கிழமை. முதல் பிள்ளை. கிளினிக்குக்கு காசல் வீதி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என் அம்மா உயிரோடு இல்லை. எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. வேறொரு ஊரில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது லேபர் ரூமில் தனியாகக் கிடந்ததையும் ஏச்சு வாங்கியதையும் அவ சொல்லிச் சொல்லி, இப்போது இரவில் நித்திரை வருவதில்லை. கூட வேலை செய்யும் ஒருவர், "டூலா ஒருத்தரைப் பிடியுங்கோ" என்றார், காசுக்குப் பிரசவத் துணையாக வருபவராம். மாமியோ, "நாங்கள் நாலு பெத்தனாங்கள், ஆர் காசு குடுத்து ஆள் பிடிச்சது? வெளியாள் எதுக்கு?" என்கிறா. கணவருக்கு விருப்பம்தான், ஆனால் காசையும் யோசிக்கிறார். இரத்தத்தைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். எனக்கு டூலா உண்மையில் தேவையா? அரச ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்களா? தெஹிவளையில் கணவரின் அக்கா இருக்கிறா, இரண்டு பிள்ளைகளின் தாய், என்னோடு நல்ல பாசம். அவவிடம் இன்னும் ஒன்றும் கதைக்கவில்லை.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் மச்சாளைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்கான பாதிப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. நான் டூலாவாக வேலை செய்கிறவள். இருந்தாலும் சொல்கிறேன்: லேபர் ரூமுக்குள் உங்களோடு வர வேண்டியவர் உங்கள் மச்சாள். டூலாவுக்கென்று ஒதுக்கக்கூடிய காசை இரண்டு விடயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிரசவத்துக்கு முன் நீங்களும் மச்சாளும் சேர்ந்து டூலாவோடு இருந்து பழகும் ஓரிரண்டு சந்திப்பு. மற்றது, பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகான கிழமைகள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் மாமியோடும் கணவரோடும் கதைக்கப் போவது நீங்கள்தான்.

டூலா மருத்துவம் பார்ப்பவர் இல்லை. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பரிசோதிக்க மாட்டார், மருந்து தர மாட்டார், பிள்ளையை எடுக்க மாட்டார். அதெல்லாம் டொக்டர், நேர்ஸ், மருத்துவமாது ஆகியோரின் பொறுப்பு. கர்ப்பகாலத்தில் வந்து என்ன நடக்கும் என்று விளக்குவது, வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை பக்கத்தை விட்டு நகராமல் இருப்பது, பிறகு வீட்டுக்கு வந்து பால் கொடுக்கவும் இளைப்பாறவும் உதவுவது, இவைதான் டூலாவின் வேலை. இதில் நடுவில் உள்ளதைத்தான் ஆஸ்பத்திரியால் தர முடிவதில்லை. நம் நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் ஆஸ்பத்திரியில், பயிற்சி பெற்றவர்களின் கையில் நடக்கின்றன. அரச ஆஸ்பத்திரியில் இலவசமாக நடக்கின்றன. பிரசவத்தில் தாய்மார் இறப்பது தெற்காசியாவில் மிகக் குறைவான நாடுகளில் நம் நாடும் ஒன்று. அந்த அமைப்பை நம்பிப் போங்கள். ஆனால் ஒரே நேரத்தில் பல கட்டில்களைப் பார்க்கும் மருத்துவமாதால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் இருக்க முடியாது. அவருக்கு ஷிஃப்ட் முடியும், இன்னொருவர் வருவார். உங்களுக்கு ஷிஃப்ட் இல்லை.

பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று மாமி கேட்கலாம். நியாயமான கேள்விதான். பயந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் கூடும். அது கூடினால், கர்ப்பப்பையைச் சுருக்கும் ஒக்சிடோசின் சரியாக வேலை செய்யாது. வலி இருக்கும், முன்னேற்றம் இருக்காது. அதனால் இன்னும் பயம் வரும். அக்காவின் கதையைக் கேட்டு நித்திரையைத் தொலைத்த உங்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1980இல் வெளிவந்த ஒரு ஆய்வு குவாத்தமாலாவில், நெரிசலான ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. முதல் பிள்ளை பெற வந்த பெண்களில் சிலருக்கு, முன்பின் தெரியாத, மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத ஒரு சாதாரணப் பெண்ணைத் துணையாக இருத்தினார்கள். முதுகைத் தடவுவது, கையைப் பிடிப்பது, கதைப்பது, அவ்வளவுதான். அந்தத் தாய்மாருக்குப் பிரசவ நேரமே வெகுவாகக் குறைந்தது. பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2017இல் வந்தது. அது 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைவு, வலிமருந்து குறைவு, பிரசவ நேரம் கொஞ்சம் குறைவு, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைவு. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் தன் பிரசவகால வழிகாட்டலில், ஒவ்வொரு பெண்ணுக்கும் தான் விரும்பும் ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்த மீளாய்வில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விடயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சிசேரியன் அதிகம் குறைந்தது டூலா போன்ற, வேலை பழகிய வெளியாள் துணையாக இருந்தபோதுதான். சொந்தத்தில் ஒருவர் இருந்தபோது தாய்மாரின் மனத்திருப்தி கூடியது. ஏன் அந்த வித்தியாசம்? சொந்தக்காரருக்குப் பாசம் இருக்கும், ஆனால் என்ன செய்வதென்று தெரியாது. நீங்கள் கத்தினால் அவரும் சேர்ந்து அழுவார். வசதியிருந்தால், ஆஸ்பத்திரியும் அனுமதித்தால், ஒரு டூலாவையே உள்ளே கூட்டிப்போங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். உங்கள் நிலைமையில் பாசம் உள்ள மச்சாளுக்கு வேலையைப் பழக்கிவிடுவது நல்லது. அவர் இரண்டு பெற்றவர், நீங்கள் வெட்கப்படாமல் அழக்கூடியவர், தெஹிவளையிலிருந்து ஓட்டோவில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறார். அவருடைய சிங்களம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. தெஹிவளையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் ஒருவருக்கு உங்களைவிடக் கொஞ்சமாவது கூடவே வரும் என்று நினைக்கிறேன்.

இனி ஆஸ்பத்திரி. அரச ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் நடைமுறை நம் நாட்டில் உண்டு. ஆனால் அது இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும். லேபர் ரூமில் கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கிறதா, அன்றைக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் பொறுத்தது. பல பெண்கள் ஒரே அறையில் இருக்கும் இடங்களில் ஆண்களை விடுவதில்லை. கணவர் இதை நினைத்து மனவருத்தப்பட வேண்டாம். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றால், அது டூலாவா மச்சாளா என்ற கேள்வி தானாக வரும். இரண்டு பேரையும் விடுவார்கள் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். கிளினிக்கில் இதைக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். "லேபர் ரூமுக்கு ஒரு பெண் துணையை விடுவீர்களா, அதற்கு முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டுமா, துணைக்கு வருபவர் ஏதும் வகுப்புக்கு வர வேண்டுமா" என்று மூன்று கேள்வியும் கேளுங்கள். கிடைத்த பதிலை உங்கள் கர்ப்பகால அட்டைக்குள் ஒரு துண்டில் குறித்து வையுங்கள். திகதி நெருங்கியதும், வலி வருமுன்னமே வார்ட்டில் அனுமதித்துவிடுவதும் வழக்கம். அப்படியென்றால் வலி தொடங்கும் நேரத்தில் மச்சாள் வெளியே இருப்பார். லேபர் ரூமுக்கு மாற்றும்போது யார் அவரைக் கூப்பிடுவது, ஃபோனை யார் வைத்திருப்பது என்பதையும் கேட்டு வையுங்கள். இப்படிச் சின்ன விடயங்களில்தான் நல்ல திட்டங்கள் குழம்பிப் போகும்.

மச்சாளுக்கு என்ன பழக்க வேண்டும்? இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் டூலா யாரும் கிடைக்காமல் போனாலும் இது உங்கள் கையில் இருக்கும்.

கர்ப்பப்பைச் சுருக்கம், அதாவது வலி, ஒன்று வந்தால் உச்ச நேரத்தில் ஒரு நிமிடமளவு நிற்கும். பிறகு இடைவெளி. பார்ப்பவர்கள் வலியைத்தான் கவனிப்பார்கள், துணைக்கு இருப்பவர் இடைவெளியையும் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் நீங்கள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம், தோளைத் தொங்கவிடலாம், கண்ணை மூடலாம். வலி போன பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பது முதல் பிரசவத்தில் எல்லோரும் செய்வது. மச்சாள் உங்கள் தாடையில் மெல்லக் கை வைத்து, "இப்ப இல்லை, விடு" என்று சொன்னால் போதும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவுபடுத்த வேண்டும். சலப்பை நிறைந்திருந்தால் பிள்ளையின் தலை இறங்கத் தடங்கல், வலியும் கூடும். உங்களுக்கு அது தெரியவே தெரியாது, துணைக்குத்தான் நினைவிருக்க வேண்டும்.

இடுப்பு வலிக்கு, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ள தட்டையான எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, சுருக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அழுத்த வேண்டும். தடவல் போதாது, நல்ல அழுத்தம் வேண்டும். இதை வீட்டில் இப்போதே செய்து பாருங்கள், எவ்வளவு பலம் உங்களுக்குச் சுகம் என்று அப்போதுதான் விளங்கும். மல்லாந்து படுத்தே இருக்க வேண்டாம். கர்ப்பப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாய்களை அழுத்தும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையலாம். மருத்துவமாது எழும்ப விட்டால் நடங்கள், கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து நில்லுங்கள், கிடக்க வேண்டியிருந்தால் இடப்பக்கம் சரிந்து படுங்கள். பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்க்கும் மொனிட்டர் போட்டிருந்தாலும் சரிந்து கிடக்க முடியும், கேட்டால் சரி பண்ணித் தருவார்கள்.

உங்கள் பயத்தில் பெரிய பங்கு மொழி என்று நினைக்கிறேன். ஒரு மிஸ் பலத்த குரலில் சிங்களத்தில் சொல்வது ஏச்சா அறிவுறுத்தலா என்று தெரியாமல் கிடப்பது கொடுமை. சில சமயம் உண்மையாகவே ஏச்சுத்தான், அதை நியாயப்படுத்த மாட்டேன். பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணை ஏசுவதற்கு எந்த நெருக்கடியும் காரணமாகாது. மச்சாள் பக்கத்தில் இருந்தால் இரண்டும் மாறும்: சொல்வது உங்களுக்கு விளங்கும், இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சும் தணியும். அவர் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. "மிஸ், இவவுக்கு சிங்களம் விளங்காது, எனக்குச் சொல்லுங்கோ, நான் சொல்றன்" என்று ஆரம்பத்திலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் அவர்களுக்கும் வேலை லேசு. நீங்களும் நாலு வசனம் பழகி வையுங்கள். "மட்ட தேரென்னே நே" என்றால் எனக்கு விளங்கவில்லை. "வத்துர யனவா" என்றால் தண்ணீர் (பனிக்குட நீர்) போகிறது, "லே யனவா" என்றால் இரத்தம் போகிறது. "பபா ஹெல்லென்னே நே" என்றால் பிள்ளை அசையவில்லை. கடைசி மூன்றும் வார்ட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் உதவும். வீட்டில் இருக்கும்போது இவற்றில் எது நடந்தாலும் டூலாவுக்கும் எனக்கும் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடுமையான தலையிடி, கண் மங்கல், முகம் வீங்குவது ஆகியவற்றுக்கும் அதேதான். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

சிசேரியன் என்று முடிவானால் மச்சாளைத் தியேட்டருக்குள் விட மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதுவரை அவர் பக்கத்தில் இருந்ததும், நீங்கள் வெளியே வந்த பிறகு பிள்ளையை நெஞ்சில் வைக்கக் கை கொடுப்பதும் வீணில்லை. சிசேரியன் ஆனால் துணை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், டூலா வைத்திருந்தாலும் தேவையான சிசேரியன் தேவைதான்.

கணவருக்கு உள்ளே இடமில்லை என்றால் வேலையே இல்லை என்றில்லை. பையை ஆயத்தம் செய்வது, மச்சாளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் (பன்னிரண்டு மணித்தியாலம் பசியோடு நிற்கும் துணையால் யாருக்கும் பயனில்லை), மச்சாளின் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற ஏற்பாடு, வருகிற ஃபோன்களுக்கெல்லாம் பதில். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். பிள்ளையின் பெயரைத் தமிழில் தெளிவாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பத்திரத்தில் ஒரு எழுத்து மாறினால் பிறகு திருத்த அலைய வேண்டி வரும்.

மாமியைப் பற்றி. அவர் சொல்வதில் கோபப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், வாதத்துக்கு இல்லாமல் கதை கேட்பது போல: "மாமி, உங்களுக்கு மூத்தவர் பிறக்கேக்க வீட்டில ஆர் ஆர் நிண்டவை?" காசு கொடுத்து ஆள் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவருடைய அம்மா இருந்திருப்பார், பெரியம்மாவோ சித்தியோ இருந்திருப்பார், பக்கத்து வீட்டு அக்கா வெந்நீர் வைத்திருப்பார், பிறகு முப்பத்தொரு நாளும் யாரோ ஒருவர் பிள்ளையைக் குளிப்பாட்டியிருப்பார். அவ்வளவு பெண்கள் செய்த வேலையை வெள்ளவத்தை ஃபிளாட்டில் இப்போது அவர் ஒருத்தர் செய்ய வேண்டும். அவருடைய வயதையும் உடம்பையும் நினைத்துப் பார்த்தால், வெளியாள் வருவது அவருக்கும் உதவி என்று விளங்கும். டூலாவை ஒழுங்குபடுத்துவதற்கு முன் வீட்டுக்கு அழைத்து முதலில் மாமியோடு தேத்தண்ணி குடிக்க விடுங்கள். மாமியை மதிக்கத் தெரியாத டூலா உங்கள் வீட்டுக்குச் சரிவராது.

பிறந்த பிறகான கிழமைகளுக்குக் காசை வைக்கச் சொன்னேன். பிரசவம் ஒரு நாளில் முடியும், அதைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். பிறகு வரும் இரவுகளைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அம்மா இல்லாத பெண்களுக்கு அந்த நாட்களில்தான் அம்மா இல்லாதது உடம்பு முழுக்கத் தெரியும். கிழமைக்கு இரண்டு மூன்று தரம், சில மணித்தியாலம் டூலா வந்தாலே பெரிய வித்தியாசம். பிள்ளையை அவர் வைத்திருக்கும்போது நீங்கள் தலையில் தண்ணீர் வார்த்துக் குளிக்கலாம், இரண்டு மணித்தியாலம் அயரலாம். முலைக்காம்பு புண்ணானால் பிள்ளை வாயை வைக்கும் விதத்தைப் பார்த்துத் திருத்துவார். பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் பிடிப்பதுதான் காரணம், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பிடித்தால் வலி குறையும். உங்கள் பகுதி மருத்துவமாதும் முதல் 10 நாளுக்குள் வீட்டுக்கு வருவார். அது உங்கள் உரிமை, காசில்லாத சேவை. 29 கிழமைக்கு அவருடைய ஃபோன் நம்பர் உங்களிடம் இல்லாவிட்டால் நாளைக்கே வாங்கி வையுங்கள். டூலா அவருக்குப் பதில் இல்லை.

பத்தியச் சமையலை மாமியின் பொறுப்பில் முழுசாக விடுங்கள். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக் கறியும், சுறா வறையும், முருங்கையிலையும் நல்ல சாப்பாடு, அதோடு மாமிக்கு அதில் பெருமையும் இருக்கும். சில இடத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், பால் கொடுக்கும் உடம்புக்குத் தாகம் இருக்கும். மரக்கறியையும் பழத்தையும் ஒட்டுமொத்தமாக நிறுத்த வேண்டாம். பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கொதித்தாறிய நீரும் உட்பட. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்கும் அந்த மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து கொட்டவும் வேண்டாம். வேது வைத்துக் குளிப்பது சுகப்பிரசவம் என்றால் இதமாக இருக்கும், ஆனால் தண்ணீர் கையில் பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். சிசேரியன் காயம் ஆறும்வரை வேண்டாம். காற்றோட்டம் குறைந்த ஃபிளாட்டில் பிள்ளை இருக்கும் அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

துடக்கு முப்பத்தொரு நாள் என்பதை, ஆட்கள் வந்து குவியாமல் இளைப்பாறக் கிடைத்த நாட்களாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அறைக்குள் தனியாக அழுதுகொண்டிருக்கும் நாட்களாக அது மாறிவிடக் கூடாது. பிறந்து மூன்றாம் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலான தாய்மாருக்கு அப்படித்தான், இரண்டு கிழமைக்குள் தானாகத் தெளியும். அதற்குப் பிறகும் தெளியாவிட்டால், பிள்ளை உறங்கும்போதும் உறங்க முடியாவிட்டால், பிள்ளை மேல் ஒன்றுமே தோன்றாவிட்டால், அது நோய், உங்கள் குணம் இல்லை. மருத்துவமாதிடம் சொல்லுங்கள், அவர்களிடம் இதற்கான பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் எடுக்கலாம். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதைக் கணவருக்கும் மாமிக்கும் இப்போதே வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் உங்களுக்கு வாயே வராமல் போகலாம். ஒரு சனிட்டரி பாட் ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்து போகும் அளவுக்கு இரத்தம் போவது, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சு வாங்குவது ஆகியவையும் காத்திருக்கும் விடயங்கள் இல்லை.

டூலாவைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. மருத்துவமாதுக்கு இங்கே அரச பதிவு உண்டு, டூலாவுக்கு இல்லை. யாரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எங்கே பயிற்சி எடுத்தார், அரச ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் பழக்கம் உண்டா, அவருக்கு இயலாமல் போனால் பதில் ஆள் யார், காசுக்குள் எத்தனை சந்திப்பு அடங்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தமிழில் கதைப்பவர்கள் கொழும்பில் குறைவுதான், அதனால் இப்போதே தொடங்குவது நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்பவர், டொக்டர் சொன்ன ஊசியை மறுக்கச் சொல்பவர், தானே உள்ளே பரிசோதிக்கிறேன் என்பவர், வலி வருவதற்குக் கசாயம் தருபவர், இவர்களில் யாராவது எதிர்ப்பட்டால் அடுத்த கதை வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள். நல்ல டூலா டொக்டரிடம் நீங்களே கேள்வி கேட்க உங்களுக்குத் தெம்பு தருவார், உங்களுக்காக முடிவு எடுக்க மாட்டார்.

அக்காவோடும் ஒருமுறை கதையுங்கள். அவர் பட்டதைக் கேட்டுவிட்டு, "அப்ப உனக்குப் பக்கத்தில ஆர் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று கேளுங்கள். அவருக்கும் அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், உங்களுக்கும் பயத்தை மட்டும் சுமப்பதைவிட அது பயன்படும்.

அடுத்த கிளினிக்குக்கு மச்சாளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். அதற்கு முன் அவரிடம் நேரில் கதையுங்கள், ஃபோனில் வேண்டாம். அவருக்கு இயலாது என்றோ, அன்றைய நாளில் எந்தத் துணையையும் விட மாட்டோம் என்று ஆஸ்பத்திரி சொன்னாலோ எனக்குத் திரும்ப எழுதுங்கள். இன்னும் பத்துக் கிழமைக்கு மேல் இருக்கிறது, வேறு விதமாக யோசிக்க நேரம் உண்டு.